உயிர் காக்கும் நொதியமும் நாம் கேட்க வேண்டிய கேள்வியும்

(யாழ்ப்பாணத்தில் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய அவையொன்றில் நிகழ்த்திய உரை)

 

இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு மருந்து. பற்றீரியா என்னும் நுண்ணுயிரிலிருந்து எடுக்கப்படும் ஒரு நொதியம் அது. பிள்ளைகளைத் தாக்கும் கடும் இரத்தப் புற்றுநோயை எதிர்க்க உலகமெங்கும் கையாளப்படுவது. பொதுமக்கள் மேடையிலே மருந்துப் பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணலாம். ஒரு பிள்ளையின் உயிர் அது பிறந்த ஊரையும், அதன் பெற்றோர் பேசும் மொழியையும், அரசாங்கம் வாங்கும் மருந்தின் தரத்தையும் பொறுத்து நிற்குமானால், அதைவிடப் பெரிய பொது விடயம் வேறு யாது?

முதலில் நோயைப் பற்றிச் சில சொற்கள். நம் குருதியை ஆக்கும் இடம் என்புக்குள் இருக்கும் மச்சை. அங்கே செங்கலங்கள், வெண்கலங்கள், குருதியை உறையவைக்கும் சிறுதட்டுகள் ஆகிய மூன்றும் அளவறிந்து உண்டாகின்றன. இரத்தப் புற்றுநோயில் முதிராத வெண்கலங்கள் கட்டின்றிப் பெருகி மச்சையை அடைத்துக்கொள்கின்றன. வெங்காயப் பாத்தியிலே கோரை மூடினால் வெங்காயத்தின் கதி என்னவோ, அக்கதியே நல்ல கலங்களுக்கும் நேர்கிறது. செங்கலம் குறையப் பிள்ளை வெளிறுகிறது. சிறுதட்டுக் குறையத் தோலில் கன்றல்கள் தோன்றுகின்றன, முரசிலிருந்து குருதி கசிகிறது. நோயெதிர்க்கும் வெண்கலம் குறையக் காய்ச்சல் விடாது நிற்கிறது. இந்நோயில் வகைகள் உண்டு. பிள்ளைகளிடம் மிகுதியாகக் காணப்படுவது நிணநீர்க்கலத்தைச் சேர்ந்த கடும் வகை. நாம் பேசவந்த நொதியம் சிறப்பாக அதற்கே உரியது.

முக்கால் நூற்றாண்டுக்கு முன்னர் இந்நோய் வந்த பிள்ளைக்குச் சில மாதங்களே ஆயுள். 1948 இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலே சிட்னி பாபர் என்னும் வைத்தியர், அமினொப்தெரின் என்ற மருந்தைக் கொடுத்து, 16 பிள்ளைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்ததைக் கண்டார். அம்மருந்தை ஆக்கித் தந்த ஆய்வுகூடத்தின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, கடல் கடந்து சென்ற தெலுங்கர் அவர். நம் அயலிலே படித்த ஒருவரின் கை இந்தப் போராட்டத்தின் முதல் வெற்றியிலேயே இருந்தது என்பதை நம் மாணாக்கர் அறிதல் வேண்டும்.

நொதியத்தின் கதை அதற்குச் சில ஆண்டுகள் பின்னர் தொடங்குகிறது. 1953 இல் நியூயோர்க்கிலே ஜோன் கிட் என்பவர், கினிப்பன்றி எனப்படும் சிறு விலங்கின் குருதிநீரைப் புற்றுநோயுள்ள சுண்டெலிகளுக்கு ஏற்றினார். சிலவகைப் புற்றுக்கள் கரைந்தன. மற்றைய விலங்குகளின் குருதிநீரோ பயன் தரவில்லை. காரணம் விளங்கச் சில ஆண்டுகள் சென்றன. கினிப்பன்றியின் குருதியிலே அஸ்பரஜினேஸ் என்னும் நொதியம் உண்டென்பதை 1922 இலேயே கிளமென்டி என்பவர் எழுதிவைத்திருந்தார். அந்தப் பழைய குறிப்பையும் கிட்டின் புதிய கண்டுபிடிப்பையும் பொருத்திப் பார்த்து, புற்றைக் கரைத்தது இந்நொதியமே என்று 1960களின் தொடக்கத்தில் நிலைநாட்டியவர் ஜோன் புரூம்.

ஆனால் ஊருக்கெல்லாம் மருந்து செய்ய எத்தனை கினிப்பன்றிகளைக் கொல்வது? இந்த இடர்ப்பாட்டை 1964 இல் மாஷ்பேண், ரிஸ்ரன் என்னும் இருவர் தீர்த்தனர். நம் குடலிலே வாழும் ஈ-கோலை என்னும் பற்றீரியாவிடமும் அதே வேலையைச் செய்யும் நொதியம் உண்டென்றும், அதுவும் சுண்டெலியின் புற்றைக் கரைக்கும் என்றும் அவர்கள் காட்டினர். நம் கிணற்று நீரைச் சோதிப்பவர்கள் 'இக்கிருமி இருக்கிறது, கொதிக்கவைத்துக் குடியுங்கள்' என்று எச்சரிக்கிறார்களே, அதே இனந்தான். தொட்டிகளிலே வேண்டிய மட்டும் பெருக்கக்கூடியது. இரண்டொரு ஆண்டுகளுள் நொதியம் பிள்ளைகளுக்குக் கொடுக்கப்பட்டது. 1978 இல் அமெரிக்க அரசு அதனை மருந்தாக ஏற்றது.

கமக்காரப் பெருமக்களுக்கு இன்னொரு செய்தி. ஈ-கோலையின் நொதியத்தைச் சில பிள்ளைகளின் உடல் ஏற்பதில்லை. அத்தகைய பிள்ளைகளுக்கென வேறொரு பற்றீரியாவிலிருந்து மாற்று நொதியம் எடுக்கப்படுகிறது. அதன் பெயர் எர்வீனியா. உருளைக்கிழங்கையும் வேறு பயிர்களையும் அழுகச் செய்து, கமக்காரன் வயிற்றில் அடிக்கும் கிருமிக் குடும்பத்தைச் சேர்ந்தது அது. தோட்டத்திலே நாம் சபிக்கும் கிருமி, வைத்தியசாலையிலே ஒரு பிள்ளையைக் காக்கிறது.

இனி இந்நொதியம் செய்யும் வேலையைப் பார்ப்போம். அஸ்பரஜின் என்பது புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில் ஒன்று. 1806 இல் பிரான்சிலே அஸ்பரகஸ் என்னும் செடியின் சாற்றிலிருந்து முதன்முதல் பிரித்தெடுக்கப்பட்டதால் அதற்கு அப்பெயர் வந்தது. நம் வேலிகளிலே படரும் சாத்தாவாரியும் அச்செடியின் இனமே. நம் உடலின் நல்ல கலங்கள் தமக்கு வேண்டிய அஸ்பரஜினைத் தாமே ஆக்கிக்கொள்ளும். இந்த நோய்க்கலங்களோ அத்திறன் குன்றியவை. குருதியில் ஓடிவருவதை எடுத்தே அவை பிழைக்கின்றன. நொதியம் குருதியிலுள்ள அஸ்பரஜினை அஸ்பாற்றிக் அமிலமாகவும் அமோனியாவாகவும் பிரித்துவிடுகிறது. சொந்தக் கிணறுள்ள தோட்டம் வாய்க்கால் வற்றினாலும் பிழைக்கும். வாய்க்காலையே நம்பிய தோட்டம் வாடும். நோய்க்கலம் இரண்டாம் வகை. வாய்க்காலை அடைப்பதே இந்த வைத்தியத்தின் சூத்திரம்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. சாத்தாவாரியை உண்பதாலோ, உண்ணாமல் விடுவதாலோ இந்நோய் தீராது. அஸ்பரஜின் நாம் உண்ணும் பல உணவுகளில் இருப்பது. உடலும் அதனைத் தானே ஆக்குவது. பத்தியத்தால் அதனை வற்றச் செய்ய இயலாது. அதுபோலவே, நொதியத்துடன் சேர்த்துக் கொடுக்கப்படும் வின்கிரிஸ்ரின் என்னும் மருந்து நம் முற்றத்து நித்தியகல்யாணியிலிருந்து பிரிக்கப்படுவது. அதற்காக அச்செடியை அவித்துக் குடித்தால் நஞ்சே மிஞ்சும். செடியிலிருந்து மருந்துவரை நீண்ட பாதை உண்டு. அப்பாதையில் ஒவ்வோர் அடியும் அளந்து வைக்கப்பட்டது.

அளவு என்று சொன்னோம். நம் உரையின் உயிர்நிலை அச்சொல்லிலேதான் இருக்கிறது.

மாத்திரை ஒன்றை எடை பார்த்து இத்தனை மில்லிகிராம் என்று சொல்லலாம். நொதியத்திற்கு எடை போதாது. அது வேலை செய்யும் பொருள். வேலை செய்யும் ஆற்றலே அதன் அளவு. ஆகவேதான் அதன் குப்பியில் 5,000 அலகு, 10,000 அலகு என்று ஆற்றல் அலகு பொறிக்கப்படுகிறது. நொதியம் ஒரு புரதம். தக்க குளிரில் வைக்காவிட்டால் கெடும். தூய்மை செய்வதில் குறை நேர்ந்தால் பற்றீரியாவின் பிற புரதங்கள் கூடவே வந்து தீங்கு செய்யும். கெட்ட நொதியமும் நல்ல நொதியமும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றக்கூடும்.

இதிலும் நுட்பமானது ஒன்றுண்டு. சில பிள்ளைகளின் உடல் இந்த அந்நியப் புரதத்தை எதிர்த்து எதிர்ப்பொருளை ஆக்குகிறது. சிலருக்குத் தடிப்பும் மூச்சுத்திணறலும் தோன்றுவதால் வைத்தியர் உடனே அறிந்துகொள்வார். வேறு சிலருக்கோ வெளியே எவ்வித அறிகுறியும் இல்லை; உள்ளே நொதியம் செயலற்றுப் போகிறது. பிள்ளைக்கு ஊசி போடப்படுகிறது, பெற்றோர் நம்பிக்கையோடு இருக்கிறார்கள், மருந்தோ வேலை செய்யவில்லை. இதனை அறிய ஒரே வழி, பிள்ளையின் குருதியில் நொதியத்தின் ஆற்றலை அளந்து பார்ப்பது. ஒரு மில்லிலீற்றர் குருதிநீரில் 0.1 அலகுக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவுகோல். குறைந்திருந்தால் மருந்தை மாற்றலாம், பிள்ளை தப்பிக்கொள்ளும். அளக்காவிட்டால் நோய் திரும்பிவரும் நாளிலேதான் உண்மை தெரியும்.

இவை வெறும் அச்சங்கள் என்று எண்ணிவிடாதீர்கள். 2017 இல் பிரேசில் நாட்டு அரசு, வழக்கமாக வாங்கிய அஸ்பரஜினேஸை விடுத்துச் சீனத் தயாரிப்பு ஒன்றை இறக்கியது. கம்பினாஸ் நகரிலுள்ள பொல்ட்ரினி என்னும் பிள்ளைகள் வைத்தியசாலை, அதனைக் கண்மூடி ஏற்காமல் சோதனைக்கு அனுப்பியது. மருந்தில் பற்றீரியாவின் வேண்டாத புரதங்கள் மலிந்திருந்தமை வெளியாயிற்று. ஆய்வு 2018 இல் அச்சேறியது. நம் அயல்நாடாகிய இந்தியாவிலும் மும்பை, கொல்கத்தா புற்றுநோய் நிலையங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அந்நாட்டுச் சந்தையில் விற்கப்பட்ட அஸ்பரஜினேஸ் வகைகளைச் சோதித்தனர். 2020, 2021 ஆம் ஆண்டுகளில் அவர்கள் வெளியிட்ட முடிவுகள், அவற்றிற் பலவற்றின் தரம் போதாதென்று காட்டின. 2023 இல் இலண்டனிலிருந்து இயங்கும் புலனாய்வுப் பத்திரிகையாளர் நிறுவனம் ஒன்று, தரம் குறைந்தவையெனக் கண்டறியப்பட்ட அஸ்பரஜினேஸ் வகைகள் தொண்ணூறுக்கு மேற்பட்ட நாடுகளுக்கு அனுப்பப்பட்டன என எழுதியது.

நம் நாட்டு நிலைமை என்ன? 2022 இன் பொருளாதார வீழ்ச்சியிலே மருந்து வாங்க அந்நியச் செலாவணி இல்லாமற்போனது. புற்றுநோய் மருந்துகளுக்கும் தட்டுப்பாடு வந்தது. அவ்வாண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் நின்றது. குளிரில் வைத்தாலன்றிக் கெட்டுப்போகும் மருந்துகளின் கதியை எண்ணிப் பாருங்கள். அடுத்த ஆண்டிலே அரச வைத்தியசாலைகளுக்கு வழங்கப்பட்ட மனித இம்யூனோகுளோபுலின் ஊசிமருந்து தரமற்றதென வெளியாயிற்று. அக்கொள்வனவு நிகழ்ந்த காலத்தில் சுகாதார அமைச்சராயிருந்தவரே 2024 பெப்ரவரியில் கைது செய்யப்பட்டார். குற்றம் யாருடையது என்பது நீதிமன்றத்தின் பொறுப்பு. ஆனால் சட்டம் ஒன்று புத்தகத்தில் இருப்பதனாலே மாத்திரம் மருந்து தூய்மையாகாது என்பதை அந்நிகழ்ச்சி எல்லோருக்கும் உணர்த்திற்று. மருந்துகளைக் கண்காணிக்கும் அதிகாரசபை 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது; சட்டம் இருந்தும் அது நடந்தது.

குடாநாட்டு மக்களாகிய நமக்கு இதன்மேலும் ஒரு பாரம் உண்டு. இந்நோய்க்குரிய நாட்டின் தலைமை வைத்தியசாலை மகரகமையில் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து ஏறத்தாழ நானூறு கிலோமீற்றர். 2006 ஆகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டபோது அந்தத் தூரம் கடக்கமுடியாத தூரமாயிற்று. யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்து சேர 2014 ஒக்டோபர் ஆயிற்று. நோயாளி ஒருவர் வைத்தியரைக் காண உத்தரவு கேட்டு நின்ற அந்த ஆண்டுகளை நாம் மறக்கவில்லை.

அந்த இருளிலே ஒரு விளக்கும் ஏற்றப்பட்டது. 2011 யூலையிலே தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை இருபத்தேழு நாட்கள், ஏறத்தாழ 670 கிலோமீற்றர், சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் நடந்து பணம் திரட்டினார்கள். அப்பணத்தால் தெல்லிப்பழையில் எழுந்த புற்றுநோய் வைத்தியசாலை 2013 இல் திறக்கப்பட்டது. தெற்கின் முனையிலிருந்து வடக்கின் முனைக்கு மக்கள் நடந்துவந்து கட்டிய வைத்தியசாலை அது. கட்டடத்தை மக்கள் தந்தார்கள். அதற்குள்ளே வரும் மருந்து உண்மையான மருந்தாக இருப்பதற்கு அரசாங்கமே பொறுப்பு. அந்தப் பொறுப்பை நினைவூட்டுவது நம் கடமை.

நாம் கேட்பவை நான்கு.

முதலாவது, நாட்டுக்குள் வரும் அஸ்பரஜினேஸின் ஒவ்வொரு தொகுதியும் ஆற்றலுக்கும் தூய்மைக்கும் சோதிக்கப்படுதல் வேண்டும். முடிவு வைத்தியர்களுக்குத் தெரிவிக்கப்படுதல் வேண்டும். விதை வெங்காயத்தை வாங்கும் கமக்காரன் கையிலெடுத்து நசுக்கிப் பாராமல் நடுவதில்லை. பிள்ளையின் நரம்பில் ஏற்றும் பொருளுக்கு அந்த அளவு கவனமும் வேண்டாமா? மலிந்த விலைக்கு வாங்கிய வேலை செய்யாத மருந்து, உலகத்தில் மிக விலை கூடிய மருந்தாகும்.

இரண்டாவது, நொதியம் பெறும் பிள்ளையின் குருதியில் அதன் ஆற்றலை அளக்கும் சோதனை, வடக்கிலுள்ள பிள்ளைக்கும் காலந்தாழ்த்தாது கிடைத்தல் வேண்டும். 1978 முதல் நம்மிடம் ஒரு மருத்துவ பீடம் உண்டு. பிள்ளையைக் கொழும்புக்கு அனுப்புவதிலும் குருதிக் குழாயை அனுப்புவது எளிது. அச்சோதனையை இங்கேயே செய்யப் பழகுவது அதனினும் நன்று.

மூன்றாவது, உலகச் சுகாதார நிறுவனமும் அமெரிக்காவின் சென் யூட் வைத்தியசாலையும் 2021 இல் அறிவித்த ஏற்பாடொன்று, தரம் சோதித்த பிள்ளைப் புற்றுநோய் மருந்துகளை நாடுகளுக்கு வழங்குகிறது. 2025 பெப்ரவரியில் மொங்கோலியாவும் உஸ்பெகிஸ்தானும் முதல் மருந்துகளைப் பெற்றன. முதற்கட்டத்துக்கு அறிவிக்கப்பட்ட ஆறு நாடுகளில் நேபாளம் உண்டு, இலங்கை இல்லை. அந்த வாயிலை நம் அரசு தட்டுதல் வேண்டும். தட்டும்படி நம் பிரதிநிதிகள் நாடாளுமன்றத்தில் வற்புறுத்துதல் வேண்டும்.

நான்காவது, வைத்தியத்தின் ஒவ்வொரு படியும் பெற்றோருக்குத் தமிழில் விளக்கப்படுதல் வேண்டும். எழுத்திலும் கொடுக்கப்படுதல் வேண்டும். இது புதிய ஆசையன்று. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலே மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். ஆயிரக்கணக்கான பக்கங்களைத் தமிழாக்கினார். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் கடல்கடந்து வந்த ஒருவரால் முடிந்த காரியம், இன்று நம் அரச வைத்தியசாலைகளால் முடியாதென்பது நியாயமாகுமா?

அரசின் கடமையைச் சொன்னோம். நம் கடமையையும் சொல்லாமல் விடலாகாது.

விடாக் காய்ச்சல், காரணமில்லாத வெளிறல், அடிபடாமலே தோன்றும் கன்றல், முரசிலும் மூக்கிலும் குருதிக்கசிவு, என்பு நோவு, கழுத்தில் கட்டி ஆகியவை எல்லாம் புற்றுநோயின் அறிகுறிகளே என்று அஞ்சவேண்டியதில்லை. பெரும்பாலும் வேறு சிறு காரணங்களே இருக்கும். ஆனால் அவை நீடித்தால், கண்ணூறு கழித்தும் நேர்த்தி வைத்தும் நாட்களைப் போக்காமல், ஒரு குருதிச் சோதனை செய்வியுங்கள். நேர்த்தியைக் கோயிலுக்குச் செலுத்துங்கள். பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். இரண்டுக்கும் பகையில்லை.

வைத்தியம் இரண்டு மூன்று ஆண்டுகள் நீளும். முதல் மாதத்திலேயே பிள்ளை தேறி, விளையாடத் தொடங்கிவிடலாம். அப்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். கண்ணுக்குத் தெரியும் கோரையைப் பிடுங்கினாலும் கிழங்கு மண்ணுக்குள் கிடக்கும் என்பதை உழவனுக்கு நாம் சொல்லித்தரவேண்டியதில்லை. பாதியில் விட்ட வைத்தியம் நோயைத் திரும்ப அழைத்துவரும். நொதியம் பெறும் நாட்களில் கடும் வயிற்றுநோ வந்தால் சதையி வீங்கியிருக்கலாம். கைகால் வீக்கமோ பெருந்தலையிடியோ வந்தால் குருதி உறைந்திருக்கலாம். தடிப்போ மூச்சுத்திணறலோ வந்தால் மருந்தை உடல் எதிர்க்கிறது. வைத்திய காலத்தில் காய்ச்சல் வந்தால், அது இரவானாலும் நடுச்சாமமானாலும், அப்பொழுதே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

அயலவருக்கும் ஒரு கடமை உண்டு. இந்நோய் தொற்றுவதன்று, குடும்பத்தின் பாவத்தால் வருவதுமன்று. பிள்ளையோடு தாய் வைத்தியசாலையில் இருக்கும் மாதங்களிலே, அவள் வீட்டு மற்றப் பிள்ளைகளுக்குச் சோறு கொடுப்பதும், அவள் கணவனின் தோட்டத்துக்கு ஒருநாள் நீர் இறைத்துவிடுவதும் வைத்தியத்தின் ஒரு பகுதியே. ஒரு குடும்பம் வைத்தியத்தை இடைநடுவில் கைவிடுவதற்கு மனக்குறைவைவிடப் பணக்குறைவே பெரிதும் காரணமாகிறது.

அன்பர்களே! வளம் மிக்க நாடுகளிலே இந்நோய் வந்த பிள்ளைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இன்று பிழைக்கின்றனர். அந்நாட்டுப் பிள்ளையின் குருதியிலும் நம் பிள்ளையின் குருதியிலும் நோய்க்கலம் ஒன்றே. அதனைப் பட்டினிபோடும் சூத்திரமும் ஒன்றே. வேற்றுமை, நல்ல மருந்து தடையின்றிக் கிடைப்பதிலும், அது வேலை செய்கிறதா என்று அளந்து பார்ப்பதிலும், தொடங்கிய வைத்தியத்தை முடிப்பதிலுமே இருக்கிறது. அவ்வேற்றுமை இயற்கை விதித்ததன்று, மனிதர் திருத்தக்கூடியது. ஆகவே, நம் பிள்ளைக்குப் போடும் மருந்து வேலை செய்கிறதா என்ற கேள்வியை வைத்தியசாலையில் பணிவோடும், நாடாளுமன்றத்தில் உறுதியோடும், விடை கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டே இருப்போமாக.